நீ சொல்லி முடிக்கும் வரை

அன்புள்ள மகனே கபிலா,

நீயும் ரேவதியும் தூத்துக்குடிக்குக் குடிபோய் நான்கு மாதம் ஆகிறது. நீ போனபிறகு வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நீ எந்தக் காலத்திலும் சத்தம் போட்ட பிள்ளை இல்லை. இந்த வீட்டின் சத்தம் முழுக்க என்னுடையது. ரிட்டயர் ஆகி வீட்டோடு இருப்பதால் அது இன்னும் கூடிவிட்டது என்று உன் அம்மா சொல்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் உன்னிடம் உட்கார்ந்து சொல்ல நினைத்தது நிறைய. பத்திரிகை வைக்கப் போனது, சமையல்காரரைப் பிடித்தது, பந்தல்காரரிடம் மல்லுக்கு நின்றது என்று நாட்கள் ஓடிவிட்டன. நன்றி என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. நேரில் சொன்னால் நீ கூச்சப்படுவாய். நானும் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதை நீ ரேவதிக்குப் படித்துக் காட்டலாம். பேசத் தடுமாறுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற எந்தத் தகப்பனுக்கும் காட்டலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

முப்பத்து நான்கு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். பாதி நாள் கடலூர் - சிதம்பரம், மீதி நாள் கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர். கூட்டத்தில் நீந்தி டிக்கெட் போடும்போது எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆள் வாயைத் திறந்ததுமே ஊர் எனக்குத் தெரிந்துவிடும். ‘ஆ’ என்றால் ஆலப்பாக்கம், ‘பு’ என்றால் புதுச்சத்திரம். அவர் சொல்லி முடிப்பதற்குள் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பேன். “நீ கண்டக்டர் வேலைக்கு வந்திருக்கக் கூடாது மச்சான், ஜோசியம் பாக்கப் போயிருக்கணும்” என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். அடுத்தவர் மனதில் இருப்பதை அவர் சொல்வதற்கு முன்பே அறிந்துகொள்வது ஒரு திறமை என்று நம்பினேன். பத்துக்கு ஒன்பது முறை சரியாகவும் இருந்தது. அந்த ஒன்பதுதான் என்னைக் கெடுத்தது.

தவறிப்போன ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை. நீ அப்போது ஆறாவது படித்தாய். கடலூர் பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர் ஒருவர் ஏறினார். சவரம் செய்யாத முகம், கையில் ஒரு துணிப்பை. ‘கு’ என்று ஆரம்பித்தார். குறிஞ்சிப்பாடிக்குக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குறிஞ்சிப்பாடியில் எழுப்பி இறக்கிவிட்டபோது சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “இது குள்ளஞ்சாவடியா?” என்று கேட்டார். குள்ளஞ்சாவடி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. “டிக்கெட்டப் பாத்து வாங்க மாட்டீங்களா சார்? கையிலதானே குடுத்தேன்” என்று சத்தம் போட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. “எங்க அக்கா செத்துப்போச்சுங்க. மூணு மணிக்கு எடுத்துடுவாங்க” என்றார். அப்போதே மணி மூன்றை நெருங்கியிருந்தது. எதிரே போன பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி அவரை ஏற்றிவிட்டேன். போகும்போது அவர் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். “நான் குள்ளஞ்சாவடின்னுதாங்க சொல்ல வந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கே நான் கற்றுக்கொண்டிருக்கலாம். அவர் சீட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஆளுக்குச் செய்ததை வீட்டில் உனக்கு நாள் தவறாமல் செய்துகொண்டிருந்தேன். நான்கு வயதில் உனக்குத் திக்கத் தொடங்கியது. முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு பயம் என்றார்கள், நாக்குக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்றார்கள், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். “மூச்ச இழுத்து வுட்டுட்டு சொல்றா” என்பேன். நீ மூச்சை இழுப்பாய். சொல் வராது. உன் கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். அதைப் பார்க்க என்னால் முடியாது கபிலா. உண்மையைச் சொல்கிறேன், உன்னைக் காப்பாற்றத்தான் உன் வார்த்தையை நான் முடித்து வைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். கடையில், கோயிலில், சொந்தக்காரர் வீட்டில், யார் உன்னைப் பார்த்து “பேரு என்னா தம்பி?” என்று கேட்டாலும், உன் ‘க’ வெளியே வருவதற்குள் “கபிலன்” என்று நான் சொல்லியிருப்பேன். உன் அம்மா மட்டும் “அவனே சொல்லட்டும், வுடுங்களேன்” என்பாள். அவளையும் முழுதாகச் சொல்ல விட்டேனா என்பது சந்தேகம்தான்.

பள்ளிக்கூடத்துக்கும் வந்து என் வேலையைக் காட்டினேன். வருகைப் பதிவு எடுக்கும்போது “உள்ளேன் ஐயா” சொல்ல நீ திணறுவதும் பிள்ளைகள் சிரிப்பதும் தெரிந்து, லீவு போட்டுவிட்டு உன் வகுப்பு ஆசிரியரைப் பார்த்தேன். “இவன எதுவும் கேக்காதீங்க சார், கைய மட்டும் தூக்குவான்” என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் சொல்லி அனுப்பினார். அன்று மகனுக்கு ஒரு பெரிய உதவி செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் வாங்கினாய். இருவரும் அண்ணாமலை நகருக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் வாங்கப் போனோம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போகும்போது நீ என்னவோ சொல்ல வந்தாய். ஆட்டோச் சத்தத்தில் “அப்புறம் சொல்லு” என்றேன். கவுன்டரில் நீண்ட வரிசை. நம் முறை வந்தபோது உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே, “எந்தப் படிப்புக்குப்பா?” என்றார். நீ இரண்டு கையையும் கம்பியில் வைத்துக்கொண்டு “மெ... மெ...” என்றாய். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் உன் தோளுக்கு மேலே எட்டி, “மெக்கானிக்கல் சார், மெக்கானிக்கல் என்ஜினியரிங்” என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சின்ன வயதிலிருந்தே சைக்கிளைக் கழற்றிப் போட்டுப் பூட்டுகிறவன் நீ. எங்கள் டிப்போ மெக்கானிக்குகளே உன் கையைப் பார்த்துவிட்டு மெச்சியிருக்கிறார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். “சரிதானே?” என்றும் கேட்டேன். நீ தலையாட்டினாய். கேட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே சாட்சி சொல்லிக்கொள்ள அந்த ஒரு வார்த்தை உதவியது. தலையாட்டுவதைத் தவிர வேறு எதற்கும் இடமில்லாத ஒரு கேள்வி அது.

ஒன்றரை வருடம் ஓடியது. ஹாஸ்டலில் இருந்து போன் செய்தால் “ம்” என்பாய், “சரிப்பா” என்பாய். பையன் நன்றாகப் படிக்கிறான் என்று டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு கடிதம் வந்தது. வருகைப் பதிவு குறைவு, மூன்று தாளில் தேர்ச்சி இல்லை, பெற்றோர் நேரில் வரவும். மறுநாள் விடிந்ததும் கிளம்பி ஹாஸ்டலுக்கு வந்தேன். அறையில் நீ இல்லை. உன்னோடு தங்கியிருந்த பையன் என்னைப் பார்த்ததும் பனியனோடு எழுந்து நின்றான். “கிளாசுக்குப் போயிருக்கானா?” என்றேன். பொய் சொல்ல நினைத்து, முடியாமல், “இல்ல அங்கிள். அவன் முக்காவாசி நாளு பரங்கிப்பேட்ட பக்கம் போயிடுவான். அன்னங்கோயில்ல மீனு எறங்குற எடத்துல இருப்பான்” என்றான். “அங்க என்னா வேல இவனுக்கு?” என்றேன். “தெரியல அங்கிள். ஆனா அங்க போய்ட்டு வந்தாதான் கொஞ்சம் சிரிக்கிறான்” என்றான்.

பரங்கிப்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. குடி என்று நினைத்தேன். ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்தேன். உன்னை என்ன கேட்பது, நீ என்ன பதில் சொல்வாய், அதற்கு நான் என்ன சொல்வது என்று இரண்டு பேர் பேச்சையும் நானே பேசி முடித்து, தீர்ப்பும் எழுதிவிட்டேன். அன்னங்கோயிலில் இறங்கி ஐஸ் பெட்டிகளையும் வண்டிகளையும் தாண்டிப் போனால், கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். எதிரில் ஒருவர் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார். நான் படகுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

நீ பேசிக்கொண்டிருந்தாய். “இ... இது சினை நண்டு அண்ணே. அ... அடிவயித்துல பாருங்க, முட்ட. இத தி... தி... திருப்பி வுட்டுடுங்க.” அவர், “வுட்டா எனக்கு என்னா தருவ?” என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அது எத்தனை முட்டை இடும், அதில் எத்தனை பிழைக்கும், அடுத்த பருவத்தில் இதே வலையில் என்ன விழும் என்று சொல்லத் தொடங்கினாய். ஒரு சொல்லில் மாட்டினாய். எனக்கு இங்கே வாய் துடித்தது. அது என்ன சொல் என்று எனக்குத் தெரியும், சொல்லிவிடலாம் போல இருந்தது. அந்த மனிதர் உன் வாயைப் பார்க்கவில்லை, பரிதாபமாகவும் பார்க்கவில்லை. விரலால் வலைக்கண்ணைப் பிரித்துக்கொண்டே இருந்தார். சொல் வந்தது. “ஓகோ” என்றார். அடுத்த கேள்வி கேட்டார். நீ மறுபடி ஆரம்பித்தாய். பத்தொன்பது வருடத்தில் நீ என்னிடம் தொடர்ந்து பேசியதைவிட அந்தக் கால் மணி நேரத்தில் அவரிடம் அதிகம் பேசினாய். கடைசியில் அவர் அந்த நண்டை எடுத்துத் தண்ணீரில் வீசினார். “போ, வாத்தியாரு சொல்லிட்டாரு” என்றார். என் மகனை ஒருவர் வாத்தியார் என்று கூப்பிடுவதை அன்றுதான் கேட்டேன்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாய். உன் முகம் செத்துப்போனது. எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் “ஏன்டா...” என்று தொடங்கினேன். நீ கையைத் தூக்கி நிறுத்தினாய். அது வரைக்கும் நீ என் முன்னால் கையைத் தூக்கியதில்லை. “நா சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க பேசக் கூடாதுப்பா” என்றாய். அந்த ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் டீ வந்து, ஆடை கட்டிவிட்டது. அதற்குப் பிறகு நீ சொன்னதைத் திக்கல் இல்லாமல் எழுதுகிறேன். நீ எடுத்துக்கொண்ட நேரத்தைக் காகிதத்தில் காட்ட எனக்குத் தெரியவில்லை.

“அன்னிக்கி அப்ளிகேஷன் வாங்கப் போனமே, நான் மெக்கானிக்கல்னு சொல்ல வரல. மெரைன் பயாலஜின்னு சொல்ல வந்தேன்” என்றாய். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். நீ மறுபடி கையைத் தூக்கினாய். “நீங்க என்னா கேக்கப் போறீங்கன்னு தெரியும். சின்னப் புள்ளயிலேருந்து நீங்க எனக்காக முடிச்சி வச்ச வார்த்தைங்கள்ல பாதி நான் சொல்ல வந்ததே இல்லப்பா. கடலமிட்டாய்னு சொல்ல வருவேன், கமர்கட்டு வாங்கித் தருவீங்க. அதுவும் நல்லாதான் இருக்கும், தின்னுடுவேன். இதுவும் அப்படித்தான் போவும்னு நெனச்சேன். தின்ன முடியலப்பா.” பிறகு பள்ளிக்கூடக் கதையைச் சொன்னாய். நான் போய்ச் சொன்ன நாளிலிருந்து ஏழு வருடம் எந்த ஆசிரியரும் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை என்றாய். பதில் தெரிந்து கையைத் தூக்கினால், வருகைப் பதிவுக்குத் தூக்குகிறாய் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். “பசங்க சிரிச்சது எனக்குப் பழகிடுச்சி. யாரும் கேக்காததுதான் கஷ்டமா இருந்துச்சி” என்றாய். நீ நிறுத்தியபோது, “முடிச்சிட்டியா?” என்று கேட்டேன். “முடிச்சிட்டேன்.” “இப்ப நான் பேசலாமா?” “பேசுங்க.” பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த அத்தனை பேச்சில் ஒரு வரிகூட இந்தக் கதைக்குப் பொருந்தவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று நீ என்மேல் கோபப்பட்டிருக்கலாம். சொல்லாமல் எங்காவது போயிருக்கலாம். இப்போதும் ‘சரிப்பா’ என்று தலையாட்டிவிட்டு வாழ்நாள் முழுக்க என்னிடம் பேசாமலே நல்ல பிள்ளையாக இருந்திருக்கலாம். அப்படி ஒரு மகனோடு நான் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பேன், அதுதான் பயங்கரம். நீ அவ்வளவு சிரமப்பட்டு, கழுத்து நரம்பு புடைக்க, எனக்குப் புரியும்வரை சொன்னாய். ஒருவனுக்கு இன்னொருவன் செய்கிற உதவியில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது. அதற்கு நன்றி கபிலா. பத்து வருடம் தாமதமாகச் சொல்கிறேன்.

மெக்கானிக்கலை விட்டாய். அடுத்த வருடம் நீ கேட்ட படிப்பில் சேர்ந்தாய். “மீன் புடிக்கறதுக்கு ஒரு படிப்பா?” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு, “அவனையே கேளுங்க, நல்லா சொல்லுவான்” என்று பதில் சொல்லப் பழகினேன். நானும் ஒரு நாளில் மாறிவிடவில்லை. எத்தனையோ முறை உன் வார்த்தையைப் பிடுங்கிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பொறுத்திருப்பது பஸ்ஸில்தான் முதலில் கைவந்தது. பரங்கிப்பேட்டைக்குப் போய்வந்த மறுவாரம், வடலூர் வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறி, ‘கு’ என்றாள். குள்ளஞ்சாவடியா குறிஞ்சிப்பாடியா என்று என் மனம் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒருவர், “என்னா கண்டக்டரே, தூங்கறீங்களா?” என்றார். அந்தப் பெண் மூச்சு வாங்கி, “குழந்தைக்கு வாந்தி வருதுங்க, ஜன்னல் சீட்டு கெடைக்குமா?” என்றாள். அவள் ஊர்ப்பெயரே சொல்ல வரவில்லை! ஜன்னல் ஓரத்தில் இருந்தவரை எழுப்பி அவளை உட்காரவைத்துவிட்டு, படியில் நின்று எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பிடிபட இன்னும் நாளானது. இதை ரேவதிக்குக் கட்டாயம் சொல். ஒவ்வொரு வருடமும் ஆனித் திருமஞ்சனத்துக்கு லீவு போட்டு உன் அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போவேன் இல்லையா? இருபத்தெட்டு வருடம். இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கு முட்டி வலி. “இந்த வருஷம் போவ முடியாது போல இருக்கு, உனக்குதான் ஏமாத்தம்” என்றேன். அவள் சட்டென்று, “அப்பாடா” என்றாள். “என்னா அப்பாடா?” “எனக்குக் கூட்டம்னாலே பயங்க. நசுங்கிச் செத்துடுவேனோன்னு இருக்கும். நீங்க ஆசப்படறீங்களேன்னுதான் வந்துகிட்டிருந்தேன்.” “நீ ஆசப்படறேன்னுதானே நான் லீவு போட்டேன்!” கல்யாணமான புதிதில் ஒருமுறை கும்பிட்டுவிட்டு அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். பக்தி என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவளுடைய கால் விரலை யாரோ மிதித்திருந்தார்கள். “சரி, உனக்கு எங்க போவ ஆச?” என்று முதல்முறையாகக் கேட்டேன். “தேவனாம்பட்டினம் கடக்கரைக்கி. கூட்டம் இல்லாத நாளா பாத்து” என்றாள். டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். இப்போது மாதம் ஒருமுறை போகிறோம்.

அதனால் மகனே, உன் வீட்டில் ரேவதி “சரி” என்றால் அது எந்தச் சரி என்று பார். சம்மதிக்கிற சரி ஒன்று, அலுத்துப்போன சரி ஒன்று, இப்போது இவரோடு பேசி ஆகாது என்கிற சரி ஒன்று. “புரிஞ்சுதா?” என்று கேட்காதே, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். நீ என்ன புரிந்துகொண்டாய் என்பதை அவளிடம் சொல்லிக் காட்டு, தப்பாக இருந்தால் அவளே திருத்துவாள். கோபத்தில் இருக்கும்போது எதிராளியின் பதிலை மனதுக்குள் நீயே எழுதிவிடாதே. பரங்கிப்பேட்டை பஸ்ஸில் நான் அதைத்தான் செய்துகொண்டு வந்தேன். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லைதான். சொல் எவ்வளவு பாடுபட்டு வெளியே வருகிறது என்று தெரிந்தவன் நீ, அடுத்தவர் சொல்லை உதாசீனம் செய்யமாட்டாய்.

ரேவதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நிச்சயதார்த்தத்தன்று அது போய்விட்டது. சிதம்பரத்தில் அவர்கள் வீட்டு மாடியில் எழுபது எண்பது பேர் கூடியிருந்தோம். அவளுடைய சித்தப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மாப்ளைக்கு வேல எந்த ஊர்ல?” என்றார். நீ எழுந்து நின்றாய். “தூ... தூ...” அவர் குஷியாகி, “துபாயா? ஆகா!” என்று கை தட்டினார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஊர்ப்பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உன் அம்மா என்னைப் பார்த்தாள், நீங்கள் வாயைத் திறக்கப் போகிறீர்களா என்று. நான் திறக்கவில்லை. அந்தப் பெண் பட்டுப்புடவையும் மாலையுமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவள், நிமிர்ந்து, “அவரு சொல்லட்டும் சித்தப்பா. நமக்கு என்னா அவசரம்?” என்றாள். குரலில் கோபம் இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். நீ உன் நேரத்தை எடுத்துக்கொண்டு “தூத்துக்குடி” என்றாய். அங்கே கடல் ஆராய்ச்சி நிலையத்தில் என்ன வேலை என்பதையும் சொன்னாய். ஐந்தாறு இடத்தில் மாட்டினாய். எல்லோரும் காத்திருந்தார்கள். முடிந்ததும் சித்தப்பா வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க மாப்ள, நான் ஒரு அவசரக் குடுக்க” என்றார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என்னைப் போல ஒருவர். ரேவதிக்கு என் நன்றியைச் சொல்.

இனி எழுதவேண்டியது ஒன்றுதான். அதை எழுதத்தான் நேற்றிலிருந்து இத்தனை பக்கம் சுற்றிவருகிறேன். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை கபிலா. இடது காது ஒரு வருடமாகவே மந்தம், இப்போது வலதும் சேர்ந்துகொண்டது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றதன் பலன் என்று நினைக்கிறேன். உன் அம்மாவிடம்கூட நேற்று வரை சொல்லவில்லை. மீசை நரைத்ததுகூட எனக்கு வருத்தமில்லை, ஆனால் ‘என்னா? என்னா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்க வெட்கமாக இருக்கிறது. அதனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஊகித்து, சிரிக்கிற இடத்தில் சிரித்து, தலையாட்டிச் சமாளித்து வருகிறேன். போனில் முகம் தெரிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நீ ஏதோ ஆரம்பித்தாய், ஒரு சொல்லில் மாட்டினாய், நான் காத்திருந்தேன். பிறகு அது வந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை. பின்னால் ரேவதி சிரிக்கிற மாதிரியும் அழுகிற மாதிரியும் ஒரு சத்தம். நான், “ரொம்ப சந்தோஷம்பா, ஒடம்பப் பாத்துக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா வந்ததும் “என்னா சொன்னான்?” என்று கேட்டாள். “சும்மாதான், நல்லா இருக்கோம்னான்” என்றேன். அவள் அதை நம்பிக்கொண்டு அரிசி களையப் போனாள். நீ அவ்வளவு நேரம் எடுத்து, அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்ன ஒன்றை நான் இப்படித் தொலைத்துவிட்டேன்.

நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டினாள், பிறகு காது டாக்டருக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை போகிறோம். அதற்கு முன்னால், இந்தக் கடிதம் கிடைத்ததும், அம்மா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதை முதலிலிருந்து சொல். என்னவாக இருக்கும் என்று உன் அம்மா நேற்றிலிருந்து பத்து விதமாகக் கேட்டுவிட்டாள். எனக்கும் ஆசை அடித்துக்கொள்கிறது. ஆனாலும் நான் எதையும் ஊகிக்கவில்லை. நீதான் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா